செவலையின் கால் ஆணி

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கையில் பெட்டி இல்லை, துணி மூட்டை இல்லை. ஒரு மஞ்சள் கட்டைப்பை மட்டும் இருந்தது. பையின் வாயிலிருந்து ஒரு கோழித்தலை வெளியே நீண்டு, எங்கள் தெருவை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். காமயகவுண்டன்பட்டியில் முழுப்பரீட்சை லீவில் செய்வதற்கு அதிகம் ஒன்றும் கிடையாது. அப்பா விடிந்ததும் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். அம்மா எதற்கெடுத்தாலும் “வெயில்ல அலையாத” என்பாள். அப்படிப்பட்ட நேரத்தில் அத்தை வந்து வாசலில் நின்றது எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. அத்தைக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருமுனை வரைக்கும் பார்த்தாள்.

“என்னத்தா, தனியாவா வந்த?”

“அவகதான் பஸ் ஏத்தி விட்டாக மதினி. கோழிக்குக் கால் சரியில்ல. வைத்தியம் பாத்துக் கூட்டிட்டு வான்னாக.”

“தேனியில இல்லாத வைத்தியமா இங்கன இருக்கு?”

அத்தை கோழியை எடுத்து முற்றத்தில் விட்டாள். அது ஒரு காலில் நின்றது. இன்னொரு காலை மெதுவாகக் கீழே வைத்துப் பார்த்து, சுட்டது போல மறுபடி தூக்கிக்கொண்டது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பழனிசெட்டிபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குத் தேனியில் மின்சாமான் கடை. வீடு மாடியில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். மாமா எழுந்தால் அத்தையும் எழுந்துவிடுவாள். முந்தின வருசம் அப்படி எழுந்து கிளம்பும்போதுதான், “அங்கன பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்ல மதினி” என்று சொல்லியிருக்கிறாள். அம்மா விளையாட்டாக எங்கள் வீட்டில் திரிந்த, இன்னும் முட்டைக்கு வராத செவலைக் கோழி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். அதுதான் இப்போது நொண்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

மாமாவுக்குத் தினமும் ஒரு நாட்டுக்கோழி முட்டை வேண்டும். செவலை நாள் தவறினாலும் வாரம் தவறாமல் வைத்துக்கொண்டிருந்ததாம். கால் வீங்கியதும் முட்டையை நிறுத்திவிட்டது. அதனால்தான் மாமாவே அத்தையை அனுப்பி வைத்திருந்தார். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு கோழியின் காலுக்காக வீட்டு ஆளை பஸ் ஏற்றி அனுப்புகிற மனிதரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. எங்கள் அப்பா கோழிக்குக் கால் இருக்கிறதா என்பதையே குழம்பில்தான் பார்ப்பார்.

சாயங்காலம் மாமா அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டார். அத்தையிடம் போன் கிடையாது. நான்தான் எடுத்தேன். “என்ன டாக்டரம்மா, செவலைக்கு எப்படி இருக்கு?” என்றார். மாமாவின் குரல் எப்போதும் தேனில் ஊறினது மாதிரி இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து செவலையின் வைத்தியர் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அம்மா கோழியை மல்லாக்கப் பிடித்துப் பாதத்தைப் பார்த்தாள். அடிப்பாதத்தின் நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதைச் சுற்றிப் பாதம் பூரி மாதிரி உப்பியிருந்தது. நகங்களைப் பார்த்துத்தான் நான் பயந்துபோனேன். எங்கள் கோழிகளுக்கு நகம் கட்டையாக, முனை மழுங்கி இருக்கும். செவலைக்கு ஒவ்வொரு நகமும் வளர்ந்து, வளைந்து, ஒன்று பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது.

“உள்ள ஆணி இருக்கும் போல” என்றாள் அம்மா.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்து வந்து, யாரும் பார்க்காதபோது செவலையின் பாதத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஆணி வரவில்லை. கோழிதான் என் கையைக் கொத்தியது. ஆணி ஆழமாகப் போயிருக்கிறது, பெரிய டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதையோ நினைத்துக்கொண்டு, “ஆமா, காட்டித்தான் ஆகணும்” என்றாள்.

கம்பத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். அம்மா, அத்தை, நான், என் மடியில் கட்டைப்பையோடு செவலை. அத்தை சன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே எதையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். தென்னந்தோப்பு, வாய்க்கால், ரோட்டோரம் குவித்திருந்த நெல், எல்லாம் அவள் பிறந்து வளர்ந்த ஊர்தான். “அத்தை, இதெல்லாம் நீங்க பாத்ததுதான?” என்று கேட்டேன். “பாத்ததுதான்” என்றாள், தலையைத் திருப்பாமல்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். வேறு ஊர்க்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கோழியைத் துண்டில் சுற்றி, கண்ணை மூடி, மேசையில் சாய்த்தார். பொருக்கை நனைத்து எடுத்துவிட்டு உள்ளே இடுக்கி மாதிரி ஒன்றை விட்டார். நான் ஆணியைப் பார்க்க எட்டி எட்டி நின்றேன். வெளியே வந்தது துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒரு கட்டி.

“ஆணி எங்க டாக்டர்?”

“இதுதான் ஆணி.”

“இது இரும்பு இல்லையே?”

அவர் சிரித்தார். “சீழ் காய்ஞ்சு இறுகிப் போனதும்மா. மனுசனுக்குக் கால் ஆணி வர்றதில்லையா, அது மாதிரி.” பிறகு நகங்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “மண்ணைக் கிளறுற கோழிக்கு நகம் தன்னால தேஞ்சுக்கிட்டே இருக்கும். இது மண்ணை மிதிச்சே பல மாசம் ஆயிருக்கும். எங்க வச்சு வளக்கிறீங்க?”

“மாடி வீடு. டைல்ஸ் தரை” என்றாள் அத்தை. “சிங்க் மேல ஏறி ஏறிக் குதிக்கும்.”

“அதான் பாதம் அடிபட்டுப் புண்ணாயிருக்கு. வெளிய விடறதே இல்லையா?”

“இல்ல டாக்டர்.”

“ஏன்?”

“பூட்டிட்டுப் போயிருவாக.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரக. காலையில கடைக்குப் போகையில பூட்டுனா ராத்திரி வந்துதான் தெறப்பாக.”

டாக்டர் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே, “சரி, கோழியை மட்டும் மொட்டை மாடியில விட்டுட்டுப் பூட்டச் சொல்லுங்க” என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி அத்தையை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நீங்க?”

அத்தை செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்ததால், “அத்தைக்குக் கால் நல்லாத்தான் இருக்கு டாக்டர்” என்று நான் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் நகங்களின் முனையை மட்டும் கொஞ்சமாக வெட்டினார். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது, ஒரேயடியாக வெட்டினால் ரத்தம் வரும், அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் குழாயும் உள்ளே போய்விடும் என்றார். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் காலை ஊறவைத்து, மருந்து போட்டு, துணி வைத்துக் கட்டச் சொன்னார். கடினமான தரை ஆகாது, கம்பி வலை ஆகாது, வைக்கோல் பரப்பி வையுங்கள், புண் ஆறியதும் மண்ணில் விடுங்கள் என்றார். நான் ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு. அத்தை அழவில்லை, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கோழிக்காக அம்மா அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. மாதம் ஒன்றைக் கழுத்தைத் திருகிக் குழம்பு வைக்கிறவள். “சரியாயிரும்மா, டாக்டர்தான் சொன்னாகல்ல” என்று தைரியம் சொன்னேன். அம்மா என் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டு தோட்டத்துக்குப் போனோம். பந்தலுக்கடியில் அப்பா சாப்பிட்டு முடித்த பிறகுதான் அம்மா பேச்சை எடுத்தாள். நான் கொஞ்சம் தள்ளி, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “பூட்டிட்டு”, “வருசம் பூரா”, “சன்னல்கூட” என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “டவுனு. திருட்டுப் பயம் இருக்கும். அவ ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லுவா.”

“அவளாச் சொல்லலங்க. டாக்டரு கோழி நகத்தப் பாத்துச் சொன்னாக.”

“கோழி நகத்த வச்சு ஒரு குடும்பத்தப் பேசுவியா? மாப்ள எப்படிப்பட்ட ஆளு. ஒரு அதட்டல் உண்டா, ஒரு குடி உண்டா? நான்தான விசாரிச்சுக் குடுத்தேன்.” கொஞ்சம் பொறுத்து, “கால் சரியானதும் நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்” என்றார்.

இதில் அம்மாவுக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா சொன்னது சரிதான். கோழிக்குக் கால் சரியாக வேண்டும், சரியானதும் போக வேண்டும். அதற்குத்தானே வந்தார்கள்? ஆனால் அன்று முதல் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டார்கள். அப்பா தோட்டத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னே, “கோழி எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் கட்டுத்துணியை அவிழ்க்கப் போனால் அம்மா, “என்ன அவசரம், பையப் பாத்துக்கலாம்” என்பாள். உப்புத்தண்ணீர் காய வைக்கச் சொன்னால் அடுப்பில் வேறு ஏதாவது இருக்கும். வைத்தியத்துக்கு அம்மா இடைஞ்சல் செய்கிறாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. பஸ்ஸில் அப்படி அழுதவள் இப்போது ஏன் இப்படிச் செய்கிறாள்?

அத்தை மட்டும் எனக்கு ஒத்தாசையாக இருந்தாள். தண்ணீரை அவளே காய வைத்து, புறங்கையில் ஊற்றிச் சூடு பார்ப்பாள். பிளாஸ்டிக் பேசினில் செவலையை நிறுத்தி, அது வெளியே தாவாமல் இரண்டு கையாலும் மெதுவாக அணைத்துக்கொண்டு, காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருப்பாள். கோழியோடு அவ்வளவு நேரம் பேசுகிறவர்களை நான் பார்த்ததில்லை. என்ன பேசுகிறாள் என்று பக்கத்தில் போய்க் கேட்டால் பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி, மதினி இன்றைக்குக் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறார்கள், அப்படித்தான்.

ஒருநாள் கேட்டேன். “செவலைக்குச் சரியாயிட்டா நீங்க போயிருவீகளா அத்தை?”

“போகணும்.”

“அப்ப மெதுவாச் சரியாகட்டுமே.”

அவள் செவலையின் காலைத் தண்ணீரிலிருந்து தூக்கித் துடைத்தாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். “அதுக்கு வலிக்குதுல்ல” என்றாள்.

நகம் வெட்டுகிற அன்று மட்டும் எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அம்மா துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். அப்பா போனில் லைட்டைப் போட்டு நகத்துக்குப் பின்னால் பிடிப்பார். நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது முடிகிற இடத்துக்கு முன்னால் வெட்ட வேண்டும். அத்தை நகவெட்டியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவாள். ஒரு தடவை கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. “பாத்து! பாத்து!” என்று அப்பாதான் கத்தினார். லைட் ஆடியது. அம்மா மஞ்சள்தூளை அப்பி அழுத்திப் பிடித்தாள். அப்பா அத்தையிடம், “ஒண்ணுமில்லத்தா, ஒண்ணுமில்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரத்தம் வந்தது கோழிக்கு. அப்பா ஏன் அத்தைக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நான் யோசித்தேன்.

புண் ஆறிப் புதுத்தோல் வந்ததும் செவலையைக் கொல்லையில் மண்ணில் விட்டோம். அது நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கியது, வைத்தது, அடுத்ததைத் தூக்கியது. மண் அதற்கு ஏதோ புது மாதிரி இருந்தது போல. எங்கள் கோழிகள் வந்து சுற்றி நின்று பார்த்தன, ஒன்று கொத்தியது. செவலை ஓடி வந்து அத்தையின் காலடியில் ஒண்டிக்கொண்டது. அத்தை அன்று முழுக்கக் கொல்லையிலேயே இருந்தாள். அடுத்த நாளும் இருந்தாள். ஒரு காலையில் செவலை எருக்குழி ஓரத்தில் நின்று, யோசித்து, வலது காலால் மண்ணை ஒரு இழுப்பு இழுத்தது. பின்னால் போய்ப் பார்த்தது. அங்கே ஒரு புழு. அவ்வளவுதான், பிறகு இரண்டு காலாலும் பறிக்க ஆரம்பித்துவிட்டது. மண் எங்கள் மேலெல்லாம் பறந்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்கடுத்த வாரம் செவலை முட்டையிட்டது. முட்டையை எடுக்கப் போன அத்தை, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பஞ்சாரக் கூடைப் பக்கமே நின்றாள். அப்பா பார்த்தார். சாயங்காலம் மாமா கூப்பிட்டபோது அப்பாவே போனை வாங்கி, “முட்டை வச்சிருச்சு மாப்ள. ஞாயித்துக்கிழமை வாங்க” என்றார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. என் வைத்தியம் பலித்த நாளில் இந்த வீட்டில் ஒருத்தருக்காவது சந்தோசம் இருக்க வேண்டாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியில் வந்தார். எனக்கு அல்வாப் பொட்டலம். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய புத்தம்புதுக் கம்பிக்கூண்டு ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “எங்க டாக்டரம்மா, உங்க பேஷண்டு?” என்றார்.

கொல்லையிலிருந்து செவலையைத் தூக்கி வந்து காட்டினேன். பாதத்தைத் திருப்பிக் காட்டினேன். நகத்தைக் காட்டினேன்.

“அடேயப்பா! இந்தா, செவலைக்குப் புது வீடு. இனிமே சிங்க் மேல ஏறி அசிங்கம் பண்ணாதுல்ல.”

கூண்டின் தரையும் கம்பிதான். “இது ஆகாது மாமா” என்றேன்.

“ஏன்?”

இதற்காகத்தானே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “கம்பியில நின்னா மறுபடி புண்ணாயிரும். மண்ணுல விடணும். பூட்டி வச்சதுனாலதான் இந்த வியாதியே வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாக. நீங்க வருசம் பூரா பூட்டியே வச்சிருந்தீகளாம்ல?”

அடுப்படியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. மாமா சிரித்தார்.

“நல்லாக் கேக்குறா பாருங்க மச்சான். நான் எங்க கோழியப் பூட்டுனேன்? அது வீடு பூரா இஷ்டத்துக்குத் திரியும். நான் வாசக்கதவத்தான் பூட்டிட்டுப் போவேன்.”

அப்பா செம்பைக் கீழே வைத்தார். “வாசக்கதவையா?”

“ஆமா மச்சான்.”

“தங்கச்சி உள்ள இருக்கையிலயா?”

“அவ உள்ளதான இருப்பா. வேற எங்கன போகப் போறா?”

“சாவி?”

“எங்கிட்டத்தான்.”

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு, “அடுப்பு கிடுப்பு பத்திக்கிட்டா எப்படி மாப்ள வெளிய வருவா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மச்சான். காலம் கெட்டுக் கெடக்குல்ல. அவளுக்கும் அதான் பாதுகாப்பு.” அதே தேன் குரல்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

கோழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏன் கதவுக்குப் போய்விட்டார்கள் என்று நான் சலித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அத்தை வந்தாள். தலைவாரிப் பூ வைத்து, அம்மாவின் புடவைகளில் இரண்டை மடித்துப் போட்ட பையோடு, கிளம்பத் தயாராக இருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“செவலைய இங்க குடு ஆத்தா” என்றார் அப்பா.

கொடுத்தேன். அப்பா அதை மல்லாக்கத் திருப்பினார். பாதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். வீட்டில் யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது, என் வேலையை அப்பா அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறாரே என்று.

“கோழிக்கு இன்னும் கால் சரியாகல மாப்ள” என்றார் அப்பா.

“சரியாயிருச்சுப்பா!” என்று கத்தினேன்.

“இல்லத்தா. சரியாகல.”

“நடக்குதே மச்சான்?” என்றார் மாமா.

“நடக்குது. உள்ள இருக்கு.”

“டாக்டர் எடுத்துட்டாகப்பா! நான் பாத்தேன்!” கோழியை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கிக் கீழே விட்டேன். செவலை, நான் சொல்லிக்கொடுத்தது மாதிரி, நேராக நடந்து போய் வாசல் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. எல்லோருக்கும் தெரியும்படி, எந்தக் கால் புண்ணாயிருந்ததோ அதே காலால். “பாருங்க!” என்றேன். யாரும் பார்க்கவில்லை. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார்.

“எப்பச் சரியாகும்?” மாமா மெதுவாகக் கேட்டார்.

“தெரியல. சரியானா நான் சொல்லி அனுப்புறேன். போயிட்டு வாங்க மாப்ள. அந்தக் கூண்டையும் எடுத்துட்டுப் போங்க.”

மாமா ஒரு தடவை அத்தையின் பக்கம் திரும்பினார். அத்தை பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். மாமா வண்டியை எடுத்தார். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போன பிறகும் அவள் பையைக் கீழே வைக்கவில்லை. அம்மா வந்து அவள் விரல்களைப் பிரித்துப் பையை வாங்கிக்கொண்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் பெரியவர்கள் விசயம். மாமா கொஞ்ச நாள் கூப்பிட்டார். அப்பா போனை என்னிடம் தரவில்லை. மாமாவின் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து, வீட்டுக்குள் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்கள். என்னை வெளியே விளையாடச் சொன்னார்கள். ஊரில் யார் யாரோ, “தங்கச்சி இன்னும் போகலையா?” என்று கேட்பார்கள். “கோழிக்குக் கால் சரியாகல” என்று அப்பா முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொண்டு சொல்வார். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்காமல் போய்விடுவார்கள், அதுவும் எனக்கு விளங்கியதில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு அத்தை தையல் படிக்கக் கம்பத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். இப்போது மார்க்கையன்கோட்டையில் சொந்தமாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே வீடு.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதேன். செவலையைப் பிடித்து மறுபடியும் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, பொருக்கு இல்லை. அழுத்தினால் காலை இழுக்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்ததும் நேரே போய்க் கேட்டேன். “நான் நல்லா வைத்தியம் பாக்கலையாப்பா?”

“நீ நல்லாத்தான் பாத்த.”

“அப்ப ஏன் சரியாகலன்னு சொன்னீக?”

அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அப்போதுதான் பால் வாங்கத் தூக்குவாளியோடு தெருவில் இறங்கிப் போனாள், தனியாக. அப்பா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த செம்பின் தண்ணீர் அவர் காலில் விழாமல் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எங்கள் அப்பாவுக்குக் கோழிக் காலைப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.